உடைமையும் உறைதலும்: இத்தாலியில் அயலாரின் இரண்டாம் வீடு

வீடு ஒருவருடையது, அதில் வாழ்பவர் வேறொருவர் அல்லது யாருமே இல்லை. அப்படியானால் அந்த உடைமைக்கு நியாயம் எங்கிருந்து வருகிறது? சமயச் சிந்தனையிலும் மெய்யியலிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் இந்தக் கேள்விக்கு இத்தாலியைப் போல் அடர்ந்த வரலாறு உள்ள நாடு குறைவு. அங்கே இரண்டாம் வீடு வாங்கும் வெளிநாட்டவர் பெரும்பாலும் விலையையும் வரியையும் பற்றித்தான் யோசிக்கிறார். ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்குவார். மற்ற மாதங்களில் கதவு பூட்டிக் கிடக்கும். சட்டம் அவரை உரிமையாளர் என்று தயக்கமின்றி ஏற்கிறது. ஆனால் வரியிலும் விசாவிலும் மின்கட்டணத்திலும் வாரிசுரிமையிலும் அண்டை நிலத்தார் பாத்தியதையிலும் 'இங்கே வாழ்கிறாரா' என்ற விசாரணை ஓயாமல் நடக்கிறது. நடைமுறைத் தொல்லைகளாகத் தோன்றும் இவை ஒவ்வொன்றிலும் உடைமைக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான ஒரு பழைய வழக்கு புதைந்திருக்கிறது.

இத்தாலியச் சட்டம் உடைமையைப் பற்றி இரண்டு குரலில் பேசுகிறது. 1942ஆம் ஆண்டு சிவில் சட்டத் தொகுப்பின் 832ஆம் பிரிவு, சட்டம் வகுத்த எல்லைக்குள், தன் பொருளை முழுமையாகவும் பிறரை விலக்கியும் அனுபவிக்கவும் விற்கவும் உரிமையாளருக்கு அதிகாரம் தருகிறது. இது ரோமானியச் சட்டத்தின் வழியில் வந்த குரல். 1948 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள அரசியலமைப்பின் 42ஆம் பிரிவு தனியுடைமையை ஏற்றுக்கொண்டு, அது சமூகத்துக்குப் பயன்படும் வகையில் அதன் எல்லைகளைச் சட்டம் வகுக்கும் என்கிறது. இந்த இரண்டாம் குரலில் கத்தோலிக்க சமூகப் போதனையும் இடதுசாரிகளின் வாதமும் கலந்து ஒலிக்கின்றன. அதை எழுதிய அரசியலமைப்பு அவையில் இரு தரப்பாரும் சேர்ந்தே அமர்ந்திருந்தார்கள்.

அயலார் சந்திக்கும் முதல் வாசல் 'பரஸ்பர நடத்தை' என்னும் விதி. சட்டத் தொகுப்பின் முன்னுரை விதிகளில் 16ஆவது இது: ஒரு நாடு இத்தாலியரை எப்படி நடத்துகிறதோ அப்படியே அந்நாட்டார் இத்தாலியில் நடத்தப்படுவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்கும், முறையான வதிவு அனுமதியோடு இத்தாலியில் வாழும் பிறருக்கும் இந்தச் சோதனை இல்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டே வாங்க முனைவோருக்கு உண்டு. வெளியுறவு அமைச்சகம் நாடுவாரியாகத் தரும் தகவலைப் பார்த்துவிட்டுத்தான் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி மேலே செல்வார். 2023இல் கனடா வெளிநாட்டார் வீடு வாங்கத் தடை விதித்தபோது, இத்தாலியில் வீடு தேடிய கனடியர்களுக்கும் உடனே இந்தக் கேள்வி எழுந்தது. இந்தியாவில் வசிப்பவர், ஒரு நிதியாண்டில் தலைக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனாலும் பணம் அனுப்பும் அனுமதி வேறு, இத்தாலியில் வாங்கும் தகுதி வேறு. இரண்டையும் தனித்தனியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பரஸ்பரம் என்பது வணிக நீதி. விவிலியம் அயலானைப் பற்றிச் சொல்லும் நீதி வேறு வகை. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் நிலம் கடவுளுக்கே சொந்தம். அதில் குடியிருக்கும் எல்லாருமே அவரிடம் தங்க வந்த அயலார்தான். எனவே நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது. விற்றது ஐம்பதாம் ஆண்டில் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். இங்கே மண்ணின் மைந்தன் என்றும் வெளியூரான் என்றும் பிரிவு இல்லை, எல்லாருக்கும் கிடைப்பது தற்காலிகத் தங்கல் மட்டுமே. பிரான்சிஸ்கன் துறவிகளின் வாழ்க்கை விதி இந்த எண்ணத்திலிருந்தே வளர்ந்தது. அதைப் பார்க்குமுன் வாங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முதலில் 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்னும் வரி எண் வேண்டும். விலை பேசி முடிந்ததும் 'கொம்ப்ரொமெஸ்ஸோ' என்னும் முன் ஒப்பந்தம். அதில் கொடுக்கும் முன்பணத்துக்குக் கடுமையான விதி உண்டு: வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். கடைசிப் படி நொத்தாயோவின் முன் நடக்கும் பத்திரப் பதிவு. நொத்தாயோ எந்தத் தரப்புக்கும் வக்கீல் அல்லர். அரசு அதிகாரம் பெற்ற நடுநிலையாளர். வழக்கமாக அவரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் வாங்குபவர்தான். வில்லங்கம், அடமானம், முந்தைய உரிமையாளர் வரிசை ஆகியவற்றை அவர் சரிபார்ப்பார். வீட்டின் உண்மையான அமைப்பும் 'கதாஸ்தோ' என்னும் நிலப்பதிவேட்டில் உள்ள வரைபடமும் ஒத்துப்போக வேண்டும். 2010 முதல் அந்த ஒப்புறுதி இல்லாத பத்திரம் செல்லாது. அனுமதியில்லாமல் கட்டிய குளியலறையோ அடைத்த தாழ்வாரமோ கடைசி நேரத்தில் விற்பனையை நிறுத்திவிடக்கூடும் என்பதால், வாங்குபவர் தமக்கென ஒரு நில அளவையாளரை முன்கூட்டியே அமர்த்திக்கொள்வது நல்லது. பத்திரம் முழுவதையும் நொத்தாயோ இரு தரப்பார் முன்னும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாங்குபவருக்கு இத்தாலியம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் அருகில் இருப்பார். சொந்தம் கைமாறுவது ஒரு சடங்காகவே இன்னும் நிலைத்திருக்கும் இடம் அது.

கையெழுத்தான கணமே அவர் உரிமையாளர். ஆனால் குடியிருக்கும் உரிமை அதோடு வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர், வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் தங்க முடியாது. அதற்கு மேல் வேண்டுமானால் தனி விசா எடுக்க வேண்டும். வேலை செய்யாமல் ஓய்வூதியத்திலும் வாடகையிலும் வாழ வருவோருக்கான விசாவுக்குத் தனி நபர் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 யூரோ வருமானம் காட்ட வேண்டியிருக்கிறது. இப்படிக் கல்லும் சுவரும் அவருடையவையாக இருக்க, அவற்றின் நடுவே நிற்கும் நாள்களை அரசு எண்ணுகிறது.

வரியில் இந்தப் பிரிவு இன்னும் துலக்கமாகத் தெரியும். தனியாரிடம் பழைய வீடு வாங்கும்போது, கிரயத் தொகையை விட்டுவிட்டு, பதிவேட்டு மதிப்பின் மேல் வரி கட்டலாம். தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்று சொல்வதைப் போன்ற ஒன்று அது. பதிவேட்டில் ஒரு வீட்டின் ஆண்டு வருவாய் மதிப்பு 500 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அதை முதல் வீடாக வாங்கி 18 மாதத்துக்குள் அந்த ஊருக்குக் குடிவருபவருக்கு மதிப்பு 57,750 யூரோவாகக் கணக்கிடப்பட்டு 2 சதவீதம், அதாவது 1,155 யூரோ வரி. அதே வீடு இரண்டாம் வீடானால் மதிப்பு 63,000. வரி 9 சதவீதம். தொகை 5,670 யூரோ. ஒரே சுவர், ஒரே கூரை. வேறுபாடு முழுவதும் வாங்குபவர் அங்கே வாழப்போகிறாரா என்பதில் இருக்கிறது.

ஆண்டுதோறும் வரும் 'இமு' என்னும் சொத்துவரியும் இப்படியே. ஆடம்பர வகையைச் சேராத முதன்மைக் குடியிருப்புக்கு அது இல்லை. இரண்டாம் வீட்டுக்கு உண்டு. ஜூன் 16க்கும் டிசம்பர் 16க்கும் முன் இரு தவணையாகக் கட்ட வேண்டும். மேற்சொன்ன வீட்டுக்கு, நகராட்சி 1.06 சதவீதம் விதித்திருந்தால், ஆண்டுக்குச் சுமார் 890 யூரோ. குப்பை வரி தனி. வரிவிலக்குக்காக ஒருவர் பெயரளவில் முகவரியை மாற்றிக்கொண்டால் நகராட்சி மின்சார, தண்ணீர் அளவைப் பார்க்கும். குளிர்காலம் முழுவதும் மீட்டர் ஓடவில்லை என்றால் அங்கே யாரும் வாழவில்லை என்பது அவர்கள் முடிவு. குடியிருத்தல் என்றால் என்ன என்ற மெய்யியல் கேள்விக்கு நகராட்சி எழுத்தர் இப்படி ஒரு விடை வைத்திருக்கிறார்: முகவரிப் பதிவும் வேண்டும், அன்றாட வாழ்வும் அங்கே நடக்க வேண்டும். அது மோசமான விடை அல்ல. வீடு என்பதைப் பத்திரத்தால் மட்டும் அளக்காமல், அடுப்பு எரிவதையும் விளக்கு ஏற்றப்படுவதையும் கொண்டு அளக்கிறது.

உடைமை வேறு, பயன்பாடு வேறு என்ற பிரிவை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸும் அவர் சீடர்களும். திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் 1223இல் ஒப்புதல் அளித்த அவர்களுடைய விதி, வீடோ இடமோ வேறெதுவோ தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், இவ்வுலகில் வழிப்போக்கரும் அயலாருமாக வாழும்படி சொல்கிறது. பிரான்சிஸ் இதைச் சொல்லளவில் நிறுத்தவில்லை. அவர் வரலாற்றை எழுதிய செலானோ ஊர் தோமா சில நிகழ்ச்சிகளைப் பதிந்திருக்கிறார். அசிசிக்கு அருகே போர்சியுன்கொலாவில், அவர் ஊரில் இல்லாதபோது, துறவிகள் கூடுவதற்காக நகரத்தார் ஒரு வீடு கட்டிவிட்டார்கள். திரும்பி வந்தவர் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கிக் கீழே எறியத் தொடங்கினார். அங்கிருந்த நகரத்து வீரர்கள், இது துறவிகளுடையது அன்று, நகராட்சிக்குச் சொந்தமானது என்று சொன்ன பிறகே இறங்கினார். பொலோன்யாவில் 'துறவிகளின் வீடு' என்று ஒன்று எழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், நோயாளிகள் உட்பட எல்லாரும் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். கர்தினால் உகொலினோ, அந்த வீடு தம்முடையது என்று மக்கள் முன் அறிவித்த பின்புதான் அவர்கள் மீண்டும் உள்ளே போனார்கள். இன்னொரு முறை, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதற்கு ஒரு சீடர் 'உங்கள் அறையிலிருந்து' என்று சொல்லிவிட்டார். தன் பெயர் ஒட்டிய அந்த அறையில் பிரான்சிஸ் அதன்பின் தங்கவில்லை.

இந்த நிகழ்ச்சிகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். கூரையின் கீழ் தங்குவதை அவர் மறுக்கவில்லை. வீடு வேறொருவருடையது என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தங்கினார். போர்சியுன்கொலா ஆலயமே சுபாசியோ மலைப் பெனடிக்டின் மடத்துக்குச் சொந்தமானது. ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை வாடகையாக அனுப்பி, அது தமக்கு உரியதல்ல என்பதைத் துறவிகள் நினைவில் வைத்துக்கொண்டார்கள். இன்றைய இரண்டாம் வீட்டுக்காரரின் நிலை இதற்கு நேர் எதிர். துறவி உடைமையின்றி உறைந்தார். இவர் உறையாமல் உடைமை கொள்கிறார்.

சபை பெருகி மடங்களும் தோட்டங்களும் நூல்களும் சேர்ந்தபோது கேள்வி சட்டக் கேள்வியாயிற்று. முன்பு பொலோன்யாவில் வீட்டைத் தம்முடையதாக்கிக்கொண்ட உகொலினோ, ஒன்பதாம் கிரகோரியாகத் திருத்தந்தை ஆனபின் 1230இல், துறவிகளுக்குப் பயன்பாடு மட்டுமே உண்டு என்று விளக்கினார். 1279இல் மூன்றாம் நிக்கோலாஸ் அதை உறுதிப்படுத்தி, அவர்கள் பயன்படுத்தும் பொருள்களின் உடைமை உரோமைத் திருச்சபையினுடையது என்றார். 1322இல் அவிஞ்ஞோனிலிருந்த இருபத்திரண்டாம் யோவான் இந்த ஏற்பாட்டை உடைத்தார். அவர் சட்டம் பயின்றவர். வாதமும் அப்படியே கூர்மையானது. தின்றால் தீர்ந்துபோகும் ரொட்டியில் பயன்பாட்டையும் உடைமையையும் எப்படிப் பிரிப்பது? சாப்பிட்டு முடித்தபின் திருச்சபையிடம் மிஞ்சியிருக்கும் உடைமை என்ன? எந்தப் பயனும் தராத உடைமை வெறும் பெயர் என்று சொல்லி, அதைத் திருச்சபை வைத்திருக்கத் தேவையில்லை என்று விலக்கினார். மறு ஆண்டு, கிறிஸ்துவும் திருத்தூதர்களும் தனியாகவோ பொதுவாகவோ எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்ற நிலைப்பாட்டைத் தப்பறை என்று அறிவித்தார்.

எதிர்ப்பக்கத்தில் பெர்காமோ ஊரைச் சேர்ந்த பொனகிராசியா ஒரு குதிரையைக் காட்டினார்: அது ஓட்ஸைத் தின்கிறது, அதற்காக ஓட்ஸ் அதன் சொத்தாகிவிடுவதில்லை. ஆக்கம் ஊர் வில்லியம் இதை நுணுக்கமாக வளர்த்தார். அவர் கருத்தில், ஒருவர் கொடுத்த அனுமதியால் பயன்படுத்துவது வேறு; வழக்குத் தொடுத்துக் காக்கக்கூடிய உரிமை வேறு. அனுமதியைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்காக நீதிமன்றம் போக முடியாது. 1328இல் இவ்விருவரும் சபைத் தலைவர் மிக்கேலும் அவிஞ்ஞோனிலிருந்து தப்பி, பேரரசர் லுட்விக்கிடம் அடைக்கலம் புகுந்தார்கள். உம்பெர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவல் இந்தச் சச்சரவின் நடுவே, 1327இல் நடக்கிறது. தனிமனித உரிமை என்ற கருத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த ஏழைத் துறவிகளின் வழக்கைத் தவிர்ப்பதில்லை.

யோவானின் வாதம் ரொட்டிக்குப் பொருந்துகிறது, வீட்டுக்குப் பொருந்தவில்லை. வீடு பயன்படுத்துவதால் தீர்ந்துபோவதில்லை. அதனால்தான் ரோமானியச் சட்டம் அதில் பயனையும் உடைமையையும் வெட்டிப் பிரித்தது. இன்றைய இத்தாலியச் சட்டமும் அப்படியே செய்கிறது. 'ஊசுஃப்ருத்தோ' என்னும் ஆயுள் அனுபவ உரிமை ஒருவரிடமும், 'நூதா ப்ரொப்ரியெதா' என்னும் வெற்றுடைமை இன்னொருவரிடமும் இருக்கலாம். வீட்டுத் தரகர் கடைகளின் கண்ணாடியில் வியக்கத்தக்க மலிவு விலையில் தொங்கும் சில விளம்பரங்கள் இவ்வகைதான். பிள்ளைகள் தொலைவில் இருக்கும், அல்லது பிள்ளைகளே இல்லாத முதியவர், கைச்செலவுக்காக வெற்றுடைமையை விற்றுவிட்டு, சாகும்வரை அதே வீட்டில் இருக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறார். விற்பவரின் வயது கூடக்கூட விலையும் கூடும். பெரிய பழுதுபார்ப்பு வெற்றுடைமையாளர் பொறுப்பு. அன்றாடப் பராமரிப்பும் சொத்துவரியும் வாழ்பவர் பொறுப்பு. இதை அறியாமல் விளம்பரத்தைப் படிக்கும் அயலார் ஏமாறுவதுண்டு. அறிந்து வாங்குபவரும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: அவர் காத்திருப்பது ஒரு மனிதரின் மரணத்துக்கு. இந்த ஒப்பந்தம் முதியவருக்கு உண்மையாகவே உதவுகிறது. அதற்காக அதில் உள்ள கூச்சம் மறைந்துவிடாது. அவர் நீண்டநாள் வாழ்ந்தால் அதை நட்டமாக எண்ணாதவரே இதில் இறங்கலாம்.

துறவிகளின் வழி எல்லாருக்கும் ஆகாது. இல்லறத்தாருக்கான நியாயத்தைச் சொன்னவர், ரொக்காசெக்காவில் பிறந்த தாமஸ் அக்குவினாஸ். தம் இறையியல் தொகையின் இரண்டாம் பாகத்தில், உடைமை பற்றிய கேள்வியில், அவர் இரண்டைப் பிரிக்கிறார். பொருளைச் சேர்ப்பதும் நிர்வகிப்பதும் தனியார் கையில் இருப்பது முறையானது, தேவையும்கூட. தன்னுடையது என்றால் மனிதர் கவனமாகப் பார்த்துக்கொள்வர், வேலைகளில் குழப்பம் இராது, சண்டையும் குறையும். பயன்பாட்டில் மட்டும் ஒருவர் அதைத் தனக்கே என்று கொள்ளக்கூடாது; தேவையுள்ளவருக்கு எளிதில் பகிரும் மனத்தோடு வைத்திருக்க வேண்டும். பூட்டிய வீட்டைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. தாமஸ் தனியுடைமைக்கு ஆதரவாகச் சொல்லும் முதற்காரணமே பராமரிப்பு. கூரை ஒழுகுவதையும் மதில் சரிவதையும் பார்க்க ஆளில்லாத உடைமை தன் நியாயத்தின் பாதியைத் தானே இழந்துவிடுகிறது.

தஸ்கனியிலும் உம்பிரியாவிலும் அயலார் விரும்பி வாங்கும் கல்வீடுகளின் கதை இங்கே பொருந்தும். அவற்றில் பெரும்பாலானவை 'மெத்சத்ரியா' என்னும் வாரக் குத்தகைக் காலத்தவை. நிலக்கிழாருக்கு நிலமும் வீடும் சொந்தம். உழவர் குடும்பம் அந்த வீட்டில் வாழ்ந்து, விளைச்சலைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டது. தரைத்தளத்தில் மாட்டுக் கொட்டில். வெளிப்படிக்கட்டு ஏறினால் மேலே பெரிய அடுப்போடு கூடிய சமையலறை, சுற்றிலும் படுக்கையறைகள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து இறந்தவர்களுக்கு ஒரு கல்லும் சொந்தமில்லை. கிழார் ஒப்பந்தத்தை முறித்தால் சட்டிபானையோடு வெளியேற வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் உழவர்கள் தொழிற்சாலைகளை நோக்கிப் போனார்கள். 1964இல் புதிய வாரக் குத்தகைகளைச் சட்டம் தடைசெய்தது. 1982இல் எஞ்சியவையும் சாதாரணக் குத்தகையாக மாறும் வழி வகுக்கப்பட்டது. காலியான வீடுகளை ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் டச்சுக்காரரும் வாங்கினார்கள். கொட்டில் வரவேற்பறையாயிற்று. பலரும் உழைப்போடும் பணத்தோடும் அந்த வீடுகளை இடிபாட்டிலிருந்து மீட்டார்கள் என்பது உண்மை. அந்த அழகைக் கட்டி எழுப்பியவர்கள் அதற்கு ஒருநாளும் உரிமையாளராக இருந்ததில்லை என்பதும் உண்மை.

உழைப்பவர் பக்கம் சட்டம் சாயும் இடங்கள் உண்டு. 1965, 1971 சட்டங்களின்படி விவசாய நிலம் விற்கப்படும்போது, அதில் பயிரிடும் குத்தகைதாரருக்கும், குத்தகைதாரர் இல்லாவிட்டால் எல்லை ஒட்டிய நிலத்தில் தாமே உழுது வாழும் அண்டையாருக்கும் அதே விலைக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. முறையாக அறிவித்தால் முப்பது நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும்; அறிவிக்காமல் விற்றால், பதிவாகி ஓராண்டுக்குள் வாங்கியவரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம். தோட்டத்தோடு வீடு வாங்கும் அயலார் இதை விசாரிக்காமல் பணம் கொடுக்கக்கூடாது. வாங்கிய பின்னும் ஒரு விழிப்பு வேண்டும். ஒருவர் இடத்தை இன்னொருவர் இருபது ஆண்டு தொடர்ந்து, வெளிப்படையாக, தடையின்றித் தமதாகவே அனுபவித்தால் அது அவருக்கே சொந்தமாகும். 1158ஆம் பிரிவின் 'ஊசுகபியோனே' இது. உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஒலிவ மரங்களைக் கவாத்து செய்து, காய் பறித்து, எண்ணெயில் ஒரு பங்கு கொடுக்கிறார். இது நல்ல ஏற்பாடு. நட்பு கெடாமல் இருக்க, இலவசப் பயன்பாடு என்று ஒரு சிறு ஒப்பந்தம் எழுதிக்கொள்வது போதும். அனுமதியால் பயன்படுத்துவது உரிமையாக வளராது என்ற விதி, ஆக்கம் வில்லியம் வரைந்த கோட்டை ஒட்டியே நிற்கிறது.

ஊரில் வீடில்லாதவர் இருக்க, வெற்று வீடுகள் பூட்டியிருக்கலாமா? இதற்குச் செயலால் விடை சொன்னவர் ஜோர்ஜோ லா பீரா. சிசிலியின் பொத்சால்லோவில் 1904இல் பிறந்து, ஃபிளாரன்சில் ரோமானியச் சட்டம் கற்பித்த பேராசிரியர்; அரசியலமைப்பு அவையின் உறுப்பினர்; தமக்கென வீடு இல்லாமல் சான் மார்கோ மடத்து அறையில் தங்கியவர். 1951இல் ஃபிளாரன்சின் மேயரானார். வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, காலியாகக் கிடந்த வீடுகளைத் தற்காலிகமாகத் தரும்படி உரிமையாளர்களைக் கேட்டார். பலனில்லாததால் 1865ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தேடி எடுத்து, கடும் பொதுத் தேவைக்காக அவற்றைக் கையகப்படுத்தினார். கூடவே இசொலொத்தோ என்னும் புதிய குடியிருப்பையும் எழுப்பி 1954இல் திறந்துவைத்தார். தனியுடைமையைத் தகர்க்கிறார் என்று அவர்மேல் குற்றம் சொன்னவர்கள் அவருடைய கட்சியிலும் இருந்தார்கள். ரோமானிய உடைமைச் சட்டத்தை வாழ்நாள் முழுதும் கற்பித்தவரே அதன் எல்லையை இவ்வளவு உறுதியோடு காட்டியது கவனிக்கத்தக்கது. அவர் செய்தது சரி. தாமஸின் கோட்பாட்டை ஏட்டிலிருந்து எடுத்து நகராட்சி ஆணையாக எழுதினால் அது அப்படித்தான் இருக்கும்.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. வெனிசின் பழைய நகரில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே இறங்கியது. வெள்ளம், வேலை, விலைவாசி என்று காரணங்கள் பல. அவற்றோடு, குடியிருப்புகள் விடுமுறை வீடுகளாகவும் சுற்றுலா வாடகை அறைகளாகவும் மாறியதும் சேர்ந்துகொண்டது. அங்கே இன்னொரு வீட்டை வாங்கிப் பூட்டுவது, ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கக்கூடிய இடத்தை எடுத்துக்கொள்வது. சிசிலியின் உள்மலை ஊர்களில் நிலைமை தலைகீழ். அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பெயரில் கூரை இடிந்த வீடுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. சம்பூக்கா 2019இல் ஒரு யூரோவிலிருந்து ஏலம் விட்டு உலகச் செய்தியானது. முசொமெலி, காஞ்சி போன்ற ஊர்களும் இவ்வழியில் சென்றன. ஒரு யூரோ என்பது விலை அல்ல, அழைப்பு. வழக்கமாக மூன்று ஆண்டுக்குள் வீட்டைச் சீரமைக்க வேண்டும், அதற்கு ஈடாகச் சில ஆயிரம் யூரோ வைப்புத்தொகை கட்ட வேண்டும். இங்கே விலையின் இடத்தைக் கடமை பிடித்துக்கொள்கிறது. ஆளற்ற தெருவில் கோடையில் மட்டுமாவது ஒரு சன்னல் திறப்பது அந்த ஊருக்கு நன்மைதான். கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலையும் கிடைக்கிறது.

காலியாக இருக்கும் மாதங்களில் வாடகைக்கு விடுவது பலருக்கு இயல்பான வழி. முப்பது நாளுக்கு உட்பட்ட வாடகைக்குத் தேசிய அடையாள எண் பெற வேண்டும். விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வருமானத்துக்கு ஒரு வீட்டுக்கு 21 சதவீதமும், இரண்டாவதாக வாடகைக்கு விடும் வீட்டுக்கு 26 சதவீதமும் நிலையான வரியாகக் கட்டலாம். நோர்ச்சாவில் பிறந்த பெனடிக்டின் விதிநூல், வந்த விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொன்னது. வாடகை விருந்து அதுவாகாது; ஆயினும் பூட்டுவதைவிட அது மேல். ஊரிலேயே வேலை செய்யும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ ஆண்டு முழுவதற்கும் கொடுப்பது அதைவிட மேல்.

இறப்புக்குப் பின்னும் உடைமை முழுதும் உரிமையாளர் விருப்பப்படி போவதில்லை. இத்தாலியச் சட்டத்தில் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பங்கு உண்டு. துணைவரும் ஒரே பிள்ளையும் இருந்தால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. மீதி மூன்றில் ஒன்றைத்தான் உயிலால் விரும்பியவருக்குத் தரலாம். ஐரோப்பிய ஒழுங்குமுறை ஒன்றின்படி, 2015 ஆகஸ்ட் 17 முதல், இறந்தவர் வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டமே வாரிசுரிமையை ஆளும். தம் குடியுரிமை நாட்டின் சட்டத்தை உயிலில் தேர்ந்துகொள்ளவும் செய்யலாம். இங்கும் சட்டம் முதலில் கேட்பது எங்கே வாழ்ந்தார் என்பதைத்தான்.

வாரிசுகளும் வேண்டாம் என்றால், விற்கவும் முடியாத வீட்டை அப்படியே துறந்துவிடலாமா என்பதில் நெடுநாள் ஐயம் இருந்தது. பயனற்ற நிலங்கள் அரசின் தலையில் கட்டப்படுகின்றன என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2025 ஆகஸ்டில் இத்தாலிய உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கூட்டு அமர்வு, தன்னலத்துக்காகச் செய்தாலும் அத்தகைய துறப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. உரிமையாளர் இல்லாத அசையாச் சொத்து, 827ஆம் பிரிவின்படி அரசைச் சேரும். அதுவரை சேர்ந்த வரிப் பாக்கியும் அடுக்குமாடிப் பொதுச் செலவுப் பாக்கியும் துறந்தவர் பெயரிலேயே நிற்கும்.